கோயில் சுற்ற வந்த இடத்தில் இடுப்பு எலும்பு முறிந்தால்

நவக்கிரகச் சுற்றுலா வேன் எதை எட்டிப் பார்த்தாலும் ஜன்னலோரத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவராவது உட்கார்ந்திருப்பார். விடிகாலையில் திங்களூர், பிறகு ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், மதியத்துக்கு மேல் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், இருட்டும் நேரத்தில் திருநள்ளாறு. ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று பேசி ஏற்றிக்கொண்டு ஓடுகிற ஓட்டம் அது. திருநள்ளாறு நளதீர்த்தத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் ஏறிப்போன படிகள், திருவெண்காட்டு முக்குளத்தில் நனைந்த புடவையோடு கரையேறும் இடம், சுவாமிமலையின் அறுபது படிகளில் இறங்குமுகம், மயிலாடுதுறை துலாக்கட்டம், எந்தக் கோயிலிலும் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற கல் நிலைப்படி: வழுக்கும் இடங்களும் தடுக்கும் இடங்களும் இவைதான். இவை எல்லாவற்றையும் தாண்டி வந்தவர் ராத்திரி லாட்ஜ் பாத்ரூம் ஈரத்தில் விழுவதும் உண்டு.

விழுந்தவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தால், குடும்பத்தில் எழும் முதல் பேச்சு ஒன்றேதான். "எப்படியாவது ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம், நம்ம டாக்டர்கிட்ட காட்டலாம்." எங்கள் கருத்து இதற்கு நேர் எதிர். முறிந்த இடுப்போடு முன்னூறு கிலோமீட்டர் போவது வலி மட்டுமல்ல. அறுவை சிகிச்சை ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளிப்போகும். முதியவர்களின் இடுப்பு முறிவுக்கு அன்றைக்கே அல்லது மறுநாளே அறுவை செய்ய வேண்டும் என்பதுதான் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட நடைமுறை. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் சளி கட்டுவது, படுக்கைப் புண், காலில் ரத்தம் உறைவது எல்லாம் கூடிக்கொண்டே போகும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இந்த அறுவை வழக்கமாக நடப்பது. செயற்கை இதய வால்வு, டயாலிசிஸ், சமீபத்தில் வைத்த ஸ்டென்ட் போன்ற சிக்கல் இருந்தால் மட்டும் பெரிய ஊரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் இங்கே வலியை அடக்கி, பரிசோதனை முடித்து, டாக்டரிடம் பேசிவிட்டுத்தான்.

விழுந்த இடத்தில்

ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, படுத்தபடி அந்தக் காலைத் தூக்க முடியவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் முறிவுதான். சில முறிவுகளில் கால் நேராகவே இருக்கும், வலி மட்டும் இடுப்பு மடிப்பிலோ முழங்காலிலோ இருக்கும். முழங்கால் வலி என்று சொன்னாலும் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சுற்றி நிற்கும் பக்தர்கள் நல்ல மனதோடு செய்வது, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி "ரெண்டடி நடந்து பாருங்கம்மா" என்பது. அசையாமல் இருந்த முறிவு நகர்ந்துபோவது இப்படித்தான். தைலம் தேய்ப்பதும் வேண்டாம். கட்டு வைத்தியருக்கு அழைத்துப்போகச் சொல்லி யாராவது இடம் சொல்வார்கள். கை எலும்புக்கு அதில் பலன் கண்டவர்கள் இருக்கலாம், முதியவரின் இடுப்புக்கு வெளியிலிருந்து போடும் கட்டு எதையும் பிடித்து நிறுத்தாது.

செய்ய வேண்டியது எளிது. படுக்க வைத்து, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே மடித்த துண்டோ தலையணையோ வைத்து, கால்கள் இரண்டையும் சேர்த்து இன்னொரு துண்டால் தளர்வாகக் கட்டுங்கள். 108-ஐ அழையுங்கள். வெயில் கல்லிலிருந்து நகர்த்தியே ஆக வேண்டுமென்றால் எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து அடியில் செலுத்தி, நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்து ஒரே சீராகத் தூக்கலாம். ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதுதான் மிக மோசமான வழி.

ஏன் விழுந்தார் என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலுக்காகக் காலையில் சாப்பிடாமல், சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நிறைய. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை வெறும் வயிற்றில் சர்க்கரையை இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டி, பேச்சு குழறினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, நினைவும் விழுங்கும் தெம்பும் இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கலந்து கொடுங்கள். சர்க்கரை சரியாக இருந்தால் வாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள், தீர்த்தமும் பிரசாதமும் உட்பட. தலையில் அடிபட்டதா, ஒரு கணமாவது நினைவு தப்பியதா என்பதும் முக்கியம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையிலும் அடிபட்டிருந்தால் இடுப்பை மட்டும் பார்த்து நிறுத்தக்கூடாது, தலைக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும்.

எந்த ஆஸ்பத்திரி

108 வண்டி பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும். கும்பகோணம் சுற்றுவட்டாரம் என்றால் கும்பகோணம் அரசுத் தலைமை மருத்துவமனை. அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் சுமார் 40 கிலோமீட்டரில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. தஞ்சாவூரில் ஆட்டோக்காரரிடம் வெறுமனே "பெரியாஸ்பத்திரி" என்றால் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் ராஜா மிராசுதார் மருத்துவமனையில் இறக்கிவிடக்கூடும். எலும்பு முறிவுக்கு "மெடிக்கல் காலேஜ்" என்று சொல்ல வேண்டும்.

திருநள்ளாறு காரைக்கால் மாவட்டம், அதாவது புதுச்சேரி. மாநில எல்லை வயலுக்கு நடுவே ஓடுவதால் பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நம்பி இருப்பவர்கள் காரைக்காலில் சேர்ப்பதற்கு முன் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று 1800 425 3993-இல் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் அட்டை எந்த மாவட்டத்தில் வாங்கியதாக இருந்தாலும் திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனையிலும் செல்லும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. வெளிமாநிலத்தவரின் ஆயுஷ்மான் பாரத் அட்டையும் திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் நாடு முழுக்கப் பயன்படும். அட்டை வீட்டில் கிடந்தால் வாட்ஸ்ஆப்பில் படம் வரவழையுங்கள், எண் போதும்.

சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும். இதைக் கேள்விப்பட்டு, படியில் விழுந்தவரை "பஸ்ஸிலிருந்து விழுந்தார்" என்று எழுதச் சொல்லும் யோசனைக்காரர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடைப்பார்கள். செவி கொடுக்காதீர்கள். முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், இங்கே எல்லோரும் சொல்லும் ஏ.ஆர். காப்பி, கடைசிவரை கூடவே வரும். அதில் ஒன்றும் டிஸ்சார்ஜ் தாளில் ஒன்றும் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைக் காட்டியே பணத்தை மறுக்கும்.

தனியார் காப்பீடு இருந்தால் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பணமில்லாச் சிகிச்சைக்கான முன் அனுமதியை 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் நேர ஒப்புதலை 3 மணி நேரத்திலும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் விதித்திருக்கிறது. இழுத்தடித்தால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள். பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அறை எடுங்கள். வரம்பை மீறினால் வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் உட்பட மற்றவற்றிலும் அதே விகிதத்தில் பிடிப்பார்கள்.

அறுவைக்கு முன்

உறவினர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ரத்தம் கொடுப்பதோ பணம் கட்டுவதோ இல்லை. மருந்துப் பட்டியல். சொந்த ஊரில் குடும்ப டாக்டருக்கு எல்லாம் தெரியும், இங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிரயாணப் பையில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். கூடவே ஒரு தாளில் மருந்தின் பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசியாகப் போட்டது எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அந்தக் கடைசிக் கேள்விதான் மயக்க மருந்து டாக்டருக்கு வேண்டியது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளில், ஆஸ்பிரினுக்காக இந்த அறுவையை யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். குளோபிடோக்ரல் சாப்பிடுபவருக்கு முதுகில் போடும் ஊசிக்குப் பதில் முழு மயக்கம் கொடுக்க நினைக்கலாம். வார்ஃபரின் என்றால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்த்து வைட்டமின் கே கொடுத்து இறக்குவார்கள். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் வகை என்றால் கடைசி மாத்திரையின் நேரத்தையும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் வைத்துத்தான் எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்று முடிவாகும்.

சர்க்கரைக்கு டபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் சாப்பிட்டால் அதைத் தனியாக, வாய்விட்டுச் சொல்லுங்கள். திட்டமிட்ட அறுவைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டிய மருந்து அது. அவசர அறுவையில் அதற்கு நேரமில்லை, ஆகவே சர்க்கரை அளவு சரியாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டருக்குத் தெரியாமல் போனால் அறுவைக்குப் பிறகு வரும் வாந்தியையும் மூச்சு வாங்குவதையும் வேறு எதுவோ என்று நினைத்துவிடுவார்கள்.

தாமதம் எங்கே விழுகிறது என்றால், பெரும்பாலும் இதயம் அறுவையைத் தாங்குமா என்று பார்க்கும் ஃபிட்னஸில். எலும்பு டாக்டர் தயார், தியேட்டர் தயார், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் சேர்த்தால் திங்கள் வரை இழுக்கும். "எக்கோ எப்போ, யார் பார்ப்பாங்க, இன்னைக்கே முடியுமா" என்று வார்டு டாக்டரிடம் தன்மையாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். இந்த ஊரில் குரலை உயர்த்துவதைவிடத் தன்மையாகத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குத்தான் வேலை நடக்கும்.

என்ன அறுவை என்பது முறிந்த இடத்தைப் பொறுத்தது. தொடை எலும்பின் கழுத்தில் முறிந்து விலகியிருந்தால் அதன் மேல்முனையில் இடுப்பு மூட்டுக்குள் சுழலும் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் பெரும்பாலும் அறுந்திருக்கும், அதனால் முதியவர்களுக்குப் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பார்கள். கழுத்துக்குக் கீழே, எலும்பு தடிக்கும் இடத்தில் முறிந்தால் ராடு அல்லது பிளேட்டு ஸ்க்ரூ. எது வைக்கப்போகிறார்கள் என்று கட்டாயம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உட்காரும் முறை முதல் எல்லாம் அதைப் பொறுத்து மாறும். வலிக்கு, அறுவை வரை தாங்க இடுப்பு மடிப்பில் போடும் நரம்பு மரப்பு ஊசி இருக்கிறதா என்றும் கேட்கலாம். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுக்க வேண்டாம், தண்ணீர் குறைந்த முதிய உடம்பில் அது சிறுநீரகத்தை அடிக்கும். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தால் அது அந்தரத்தில் தொங்க வேண்டும். பாவம் என்று அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிடும் உறவினரை எல்லா வார்டிலும் பார்க்கலாம்.

ரத்தம் ஒன்றிரண்டு யூனிட் ஏற்பாடு செய்யச் சொல்வார்கள். வெளியூரில் ஆளுக்கு எங்கே போவது என்ற திகைப்பு வரும். அதே குரூப் தேவையில்லை, எந்த குரூப் கொடுத்தாலும் ரத்த வங்கி மாற்றிக் கொடுக்கும். வேன் டிரைவரும் மருமகனும் போதும்: 18 வயதுக்கு மேல், 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல், ஆண்கள் என்றால் கடைசியாகக் கொடுத்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். விரதத்தில் இருப்பவர் சாப்பிட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். காசுக்கு ரத்தம் தருகிறேன் என்று வாசலில் யாராவது வந்தால் ஒதுங்குங்கள், அது 1998 முதல் நாடு முழுக்கத் தடை.

முடிவெடுப்பவர் ஒருவராக இருக்கட்டும். டெல்டாக் குடும்பம் என்றால் சிங்கப்பூரில் ஒரு பிள்ளை, துபாயில் ஒரு மாப்பிள்ளை இருப்பது சகஜம். "அண்ணன் லைன்ல வரட்டும்" என்று ஒப்புதல் கையெழுத்து அரை நாள் தள்ளிப்போனால் தியேட்டர் வரிசையில் வேறு ஒருவர் போய்விடுவார். நினைவு தெளிவாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளியேதான் என்பதையும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டுக்கு எக்ஸ்ரே அனுப்புவதென்றால் பகல் ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் கோடு கோடாகத் தெரியும் முறிவு மங்கிவிடும்.

அன்று காலை

திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு மயக்க டாக்டர் சொல்வதுதான் கணக்கு. பால் சேர்ந்தது எதுவும் திட உணவோடுதான் சேரும். கும்பகோணத்தில் வந்து டிகிரி காபி குடிக்காமல் எப்படி என்று ஒரு வாய் கொடுத்துவிட்டு மறைத்தால், மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போகும். கொடுத்துவிட்டால் சொல்லிவிடுங்கள், சில மணி நேரம் தள்ளிப்போவது பெரிய நஷ்டம் இல்லை. மறுபக்கமும் உண்டு. ராத்திரி பத்து மணியிலிருந்து பட்டினி போட்டு, கேஸ் மதியம் மூன்று மணிக்குத் தள்ளிப்போனால் முதிய உடம்பு வற்றிவிடும். தள்ளிப்போனது தெரிந்த உடனே தண்ணீர் கொடுக்கலாமா, குளுக்கோஸ் ஏற்றுவீர்களா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

மூக்குத்தி, மெட்டி, வளையல், தாலிச் சங்கிலி எல்லாம் கழற்ற வேண்டும். அறுவையில் ரத்தக்குழாயைச் சுடும் மின்கருவி உலோகத்தின் வழியே தோலைச் சுட்டுவிடலாம். மெட்டி வீங்கிய விரலில் இறுகும். தாலியைக் கழற்ற அம்மா மறுத்தால் தங்கத்தை எடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்ள வழி உண்டு, பெரும்பாலான தியேட்டர்களில் ஏற்றுக்கொள்வார்கள். வீட்டில் கழற்ற வராத மூக்குத்தியை முந்தின இரவே எண்ணெய் போட்டு முயலுங்கள். விரல் நுனி மருதாணி ஆக்சிஜன் அளவை அளக்கும் கிளிப்பைக் குழப்பும், எந்த விரலில் இல்லையோ அதைக் காட்டிவிடுங்கள். பல்செட்டு, கண்ணாடி, காது மெஷினைப் பெயர் எழுதிய டப்பாவில் நீங்களே வைத்துக்கொண்டு, வெளியே வந்து தெளிந்த உடனே திருப்பி மாட்டுங்கள். ஏன் அவ்வளவு அவசரம் என்பது கீழே.

இரண்டாம் நாள் ராத்திரி

ஆபரேஷன் நன்றாக முடிந்தது, அம்மா பேசினார், எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளோ அதற்கடுத்த நாளோ இருட்டியதும், ஊசியைப் பிடுங்குகிறார், செத்துப்போன அக்காவைக் கூப்பிடுகிறார், மகனைப் பார்த்து "யாருப்பா நீ" என்கிறார். குடும்பம் நடுங்கிப்போகும். கோயில் சுற்றிய இடத்தில் ஏதோ பட்டுவிட்டது என்று மந்திரிக்க ஆள் தேட ஆரம்பிப்பார்கள். இதற்கு டெலிரியம் என்று பெயர். இடுப்பு முறிந்த முதியவர்களிடம் இது அடிக்கடி காணப்படுவது. பெரும்பாலும் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். புது ஊர், புதுக் கட்டில், அணைக்காத விளக்கு, தெரியாத முகங்கள் எல்லாம் இதை வளர்க்கும். ஆகவே வெளியூரில் அறுவை செய்துகொள்பவர்களின் குடும்பம் முன்கூட்டியே தயாராக இருப்பது நல்லது.

முதல் வேலை, அதை நர்ஸிடம் சொல்வது. வயதானாலே இப்படித்தான் என்று விட்டுவிடக்கூடாது, அடியில் ஒரு காரணம் இருக்கும்: சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம், நாலு நாளாக மலம் போகாமல் இருக்கலாம், சோடியம் இறங்கியிருக்கலாம், சளியோ சிறுநீரில் கிருமியோ வந்திருக்கலாம், வலி அடங்காமல் இருக்கலாம், ஆக்சிஜன் குறைந்திருக்கலாம். வழக்கமாகக் குடிப்பவர் நிறுத்தியதாலும் வரும், அந்த விஷயத்தைக் கௌரவம் பார்த்து மறைக்காதீர்கள். தூக்க மாத்திரை கேட்காதீர்கள், அது பலருக்குக் குழப்பத்தை அதிகமாக்கும். கையைக் கட்டிப்போடுவதும் அப்படியே.

கண்ணாடியும் காது மெஷினும் மாட்டியிருக்கட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டுங்கள், ராத்திரியில் விளக்கைக் குறையுங்கள். ஒரு சுவர்க்கடிகாரமும் தினசரிக் காலண்டரும் கண்ணில் படும்படி இருந்தால் நல்லது. நெருங்கிய ஒரே முகம் ராத்திரிகளில் கூட இருக்கட்டும், சித்தப்பா பெரியப்பா என்று முறைபோட்டு மாற்ற வேண்டாம். வாதாடாதீர்கள். "அம்மா, நான்தான், உங்க பையன். இது கும்பகோணம் ஆஸ்பத்திரி. கால்ல ஆபரேஷன் ஆயிருக்கு. இன்னைக்கு வியாழக்கிழமை. நான் இங்கேயேதான் இருக்கேன்." இதையே மெதுவாக, ஒவ்வொரு முறையும். அவர் பேசும் பேச்சை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுபவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்வது.

கட்டிலிலிருந்து எழுதல்

மூன்று பந்துள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்று தருவார்கள். பாதிப் பேர் அதை ஊதுகிறார்கள். அது உறிஞ்ச வேண்டியது. குழாயை வாயில் இறுக்கி வைத்து மெதுவாக உள்ளிழுத்து, பந்து மேலே நிற்கும்படி மூன்று நொடி பிடித்து விட வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் பத்து முறை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது அதே கணக்கில். இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் திருப்புங்கள், முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து. குதிகால் கட்டிலில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி கொடுங்கள். முதலில் புண் வரும் இடங்கள் குதிகாலும் வால் எலும்பும்தான். அங்கே சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மாறவில்லை என்றால் அன்றே காட்டுங்கள்.

மறுநாளே உட்கார வைத்து, வாக்கரில் நிற்க வைப்பார்கள். வலிக்கிறது, நாளைக்கு என்று தள்ள வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி முன்பு வலி மருந்து கொடுக்கச் சொல்லுங்கள். கட்டிலிலிருந்து உடனே நிற்காமல் கால் தொங்கப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தலை சுற்றி மறுபடி விழும் ஆபத்து குறையும். சாப்பாட்டில் ரசம் சாதம் மட்டும் போதாது. முட்டை சாப்பிடுபவர்களுக்கு முட்டை, மற்றவர்களுக்குப் பருப்பு, பால், தயிர், சுண்டல் என்று புரதம் வேண்டும்.

பந்து மாற்றியவர் சில வாரங்களுக்குக் குந்தக்கூடாது, சம்மணம் போடக்கூடாது, கால் மேல் கால் போடக்கூடாது, முழங்கால் இடுப்புக்கு மேலே ஏறும்படி தாழ்ந்த நாற்காலியில் உட்காரக்கூடாது. பந்து நழுவிவிடும். ராடு போட்டவருக்கு இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமை இல்லை. ஆகவே டிஸ்சார்ஜுக்குப் பிறகு தங்க லாட்ஜ் எடுக்கும்போது ஏ.சி. இருக்கிறதா என்பதற்கு முன்னால், தரைத்தளமா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, பாத்ரூம் வாசல் வாக்கர் நுழையும் அகலமா, வாசலில் படி எத்தனை என்று நேரில் போய்ப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், லிஃப்டுக்கு ஏற ஐந்து படி இருக்கும்.

ஊர் திரும்புதல்

அவசரப்பட வேண்டாம். கிளிப் அல்லது தையல் பிரிப்பது 12 முதல் 14 நாளில். அதை ஊரிலேயே செய்யலாம், ஆனால் சிறிய கிளினிக்குகளில் கிளிப் எடுக்கும் கருவி இருப்பதில்லை. மருந்துக்கடையில் ஒன்று வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் எனாக்ஸபாரின் ஊசியை வீட்டிலும் தொடரச் சொல்வார்கள், பொதுவாக மொத்தம் நான்கு வாரமளவு. வயிற்றுத் தோலில் போடுவது, கிளம்பும் முன் ஒரு முறை நர்ஸ் முன்னாலேயே போட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரில் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். 25 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து, ஃப்ரீசரிலும் வைக்கக்கூடாது.

டிஸ்சார்ஜ் தாளில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்: அறுவையின் பெயரும் தேதியும், உள்ளே வைத்த உலோகத்தின் நிறுவனம், அளவு, ஸ்டிக்கர், காலை எவ்வளவு ஊன்றலாம் என்பது, எந்த மருந்து எந்தத் தேதி வரை என்பது. மூன்றாவதைத்தான் எழுத மறப்பார்கள். அது இல்லாவிட்டால் ஊரில் பிசியோதெரபிஸ்ட் நடக்க வைக்கவே பயப்படுவார். எக்ஸ்ரே ஃபிலிம்களையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரில் என்றால் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சற்றே சாய்த்து, அடியில் கெட்டியான குஷன். முதலில் முதுகு காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சின்ன காரைவிட உயரமான வண்டி நல்லது. மணிக்கு ஒருமுறை நிறுத்தி எழுந்து நின்று நாலடி நடக்க வேண்டும். ரயிலில் சிரமம் படுக்கை அல்ல, ஏறும் படி. கும்பகோணத்தில் வண்டி நிற்கும் நேரத்துக்குள் வாக்கர்காரரை ஏற்றுவது பெரிய பாடு. சென்னைக்கு என்றால் தஞ்சாவூரிலிருந்து புறப்படும் உழவன் எக்ஸ்பிரஸ் போன்ற வண்டியில், புறப்படும் நிலையத்திலேயே ஏறினால் நிதானமாக ஏற்றலாம். கீழ் பெர்த், கழிப்பறைப் பக்கம். ஓடும் ரயிலின் கழிப்பறைக்குத் தனியே அனுப்பாதீர்கள். விமானம் என்றால் திருச்சி. பயணம் செய்யலாம் என்ற டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும், உள்ளே உலோகம் இருப்பதையும் அதிலேயே எழுதி வாங்கினால் பரிசோதனை வாசலில் பேச்சு குறையும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை இருந்தால் கிளம்புவதை ஒரு நாள் தள்ளுங்கள், டெல்டாச் சாலைகளில் தண்ணீர் ஏறினால் நடுவழியில் நிற்க வேண்டிவரும்.

வழியிலோ வீட்டிலோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், காயத்தில் நீர் கசிந்தால், கால் திடீரென்று குட்டையாகி நிற்க முடியாமல் போனால் அந்த ஊர் அவசர சிகிச்சைக்கே போங்கள். அறுவை செய்த டாக்டரை போனில் பிடிக்கக் காத்திருக்க வேண்டாம்.

ஊர் டாக்டரிடம் முதல் முறை போகும்போது எக்ஸ்ரேயோடு இதையும் கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு முறிந்ததென்றால் எலும்பு ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது, அடுத்த இடுப்பும் அதே நிலையில்தான். வைட்டமின் டி அளவையும் சிறுநீரகம் வேலை செய்வதையும் பார்த்து, முறிவு ஏற்பட்டு இரண்டு வாரமாவது கழிந்த பிறகு எலும்பு மேலும் தேயாமல் இருக்க ஆண்டுக்கு ஒருமுறை போடும் ஸோலெட்ரானிக் ஊசியையோ வேறு மருந்தையோ தொடங்குவார்கள். அறுவை செய்த ஊரில் அதற்குள் கிளம்பிவிடுவீர்கள், சொந்த ஊரில் எலும்பு ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டதே என்று நினைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே இந்த ஊசி விட்டுப்போகிறது. டிஸ்சார்ஜ் தாளிலேயே ஒரு வரி எழுதச் சொல்லி வாங்கிவிடுங்கள்.